வெளிச்சத்தால் பொடி வைப்பது

என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, கோவை செல்வபுரத்தில் ஒரு தங்கவேலைப் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், வீட்டின் முன்னறைதான். ஒரு குமுட்டி அடுப்பு, ஒரு விளக்கு, ஊதுகுழல், சின்ன மணிகளை எடுத்து வைக்க ட்வீசர் மாதிரி நாலைந்து சாவணம். பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போனால் எனக்கு ஒரே வேலைதான்: யாரும் ஃபேன் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. காற்றடித்தால் பொடி பறந்துவிடும்.

பொடி என்றால் பற்றவைக்கிற பொடி. தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவி எடுத்த தூள். கம்மல் விளிம்பில் கடுகில் பாதி இருக்கும் தங்க மணிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் வெங்காரத்தில் குழைத்த பொடியை ஒரு துணுக்கு வைப்பார். அப்புறம் ஊதுகுழலால் சுடரை வளைத்து ஊதுவார். மணி ஒரு நொடி சிவக்கும், பொடி ஓடும், மணி உட்கார்ந்துவிடும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று ஊரில் சொல்வது இந்தப் பொடியைத்தான் என்பார் அப்புச்சி. இல்லை, அது மூக்குப்பொடி என்பார் என் பாட்டி அம்மிச்சி. வழக்கு கடைசிவரை தீரவில்லை.

எனக்கும் ஒரு நாள் சாவணத்தைக் கொடுத்துப் பார்த்தார். மணியை எடுத்துவிட்டேன். வைக்கத்தான் முடியவில்லை. ஈரத்தில் மணி சாவணத்தின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினால் எங்கேயோ போய் விழுந்தது.

"புடிக்கறது பெருசில்ல கண்ணு, உடறதுலதான் இருக்குது" என்றார். விழுந்த மணியை நான் தேடப் போனதும் தடுத்துவிட்டார். "உடு, எங்கயும் போயிராது. கூட்டறப்ப கெடைக்கும்."

பட்டறையில் கூட்டும் குப்பையை யாரும் வெளியே கொட்டுவதில்லை. கை கழுவிய தண்ணீர்கூட ஒரு தொட்டியில் சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மண்ணை அலசித் தங்கம் எடுப்பவர்கள் வந்து விலை பேசி வாங்கிப் போவார்கள்.

இதெல்லாம் இருபது வருடத்துக்கு முந்திய கதை. எனக்குத் தங்கவேலை வரவில்லை, இயற்பியல் வந்தது. கோவைக்கு வெளியே பொள்ளாச்சி போகும் வழியில் ஒரு ஆய்வகத்தில் நான் கடைசியாக எடுத்துக்கொண்ட வேலையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தங்க மணிகளை ஒரு பரப்பின் மேல், சொன்ன இடத்தில், ஒவ்வொன்றாக உட்கார வைக்க வேண்டும். ஒரு மணியின் குறுக்களவு 80 நானோமீட்டர். சாவணம் கிடையாது. லேசர் வெளிச்சம் மட்டும்தான்.

80 நானோமீட்டர் என்றால் என்ன என்று அப்புச்சியிடம் சொல்ல வேண்டி வந்தபோது எடைக் கணக்கில்தான் சொன்னேன். அவருக்கு அளவென்றால் எடைதான். ஒரு பவுன், அதாவது 8 கிராம் தங்கத்தை இந்த அளவு மணிகளாக்கினால் சுமார் 15 கோடி கோடி மணி வரும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரு எண்ணறது?" என்றார்.

இந்த மணிகளை அரத்தால் ராவி எடுக்க முடியாது. தங்கத்தை ராஜ திராவகத்தில் கரைத்து உப்பாக்கி, அந்த உப்பை நீர்க்கக் கரைத்துக் கொதிக்கவிட்டு, சிட்ரேட் கரைசலை ஊற்றினால் தங்கம் மறுபடி திரண்டு வரும். 1951-ல் டர்க்கெவிச் என்ற அமெரிக்க வேதியியலார் ஒழுங்குபடுத்திய முறை இது, இன்றும் ஆய்வகங்களில் இதைத்தான் செய்கிறார்கள். அதில் வருவது 20 நானோமீட்டர் அளவுக் குட்டி மணி. அதை விதையாக வைத்து மேலும் தங்கம் படியவிட்டுப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். வெளிர்மஞ்சளாக இருக்கும் கரைசல் முதலில் நிறமிழக்கும், பிறகு கறுக்கும், கடைசியில் மாதுளம்பழச் சாறு மாதிரிச் சிவக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கடைசி அரை நிமிடத்தில் நான் வேறு பக்கம் திரும்பியதில்லை.

மைக்கேல் ஃபாரடே 1857-ல் இதே சிவப்புத் திரவத்தைப் பற்றி லண்டனில் உரையாற்றினார். அவர் செய்த திரவத்தில் கொஞ்சம் இன்னும் அங்கே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் குப்பியில் இருக்கிறது, இன்றுவரை அடியில் படியவில்லை. ஏன் படியவில்லை என்பதில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தங்கம் எப்படிச் சிவப்பாகும் என்று கேட்பீர்கள். உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் குடத்துத் தண்ணீர் மாதிரி. பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது உங்கள் நடையின் தாளமும் தண்ணீர் அலம்பும் தாளமும் ஒத்துப்போய்விட்டால் சேலையெல்லாம் நனைந்துவிடும். மற்ற நடைக்குத் தண்ணீர் அவ்வளவாக அசையாது. இந்த அளவுத் தங்கத் துகளுக்கு ஒத்துப்போகும் தாளம் பச்சை ஒளி. பச்சையை விழுங்கியும் சிதறடித்தும் விடுவதால் திரவத்தின் வழியே நம் கண்ணுக்கு வருவது சிவப்பு. அதே துகளை இருட்டுப் பின்னணியில் வைத்து அது சிதறும் ஒளியை மட்டும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பச்சைப் புள்ளியாக மின்னும். எங்களிடம் இருந்த லேசரும் பச்சைதான், அலைநீளம் 532 நானோமீட்டர். அதாவது சேலை நனைகிற நடை.

சரி, வெளிச்சம் எப்படி ஒரு பொருளைத் தள்ளும்? வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீள்வதைப் பார்த்து, சூரிய ஒளிதான் அதைத் தள்ளுகிறது என்று கெப்ளர் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்தார். மாஸ்கோவில் லெபெதேவ் அந்தத் தள்ளலை ஆய்வகத்தில் அளந்து 1901-ல் வெளியிட்டார். தள்ளல் மிகச் சிறியது. 1 மில்லிவாட் லேசர் கற்றையை ஒரு கரிய பரப்பு முழுதாக விழுங்கிக்கொண்டாலும் அதன் மேல் விழும் விசை சுமார் 3 பிகோநியூட்டன், அதாவது ஒரு நியூட்டனை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் தங்க மணியின் எடைக்கு முன்னால் அது மலை. குவித்த கற்றையில் சிக்கிய மணியின் மேல் அதன் எடையைப் போலப் பல்லாயிரம் மடங்கு விசை விழும். எடையை அது மறந்தே போய்விடும்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் 1970-ல் தண்ணீரில் மிதந்த பிளாஸ்டிக் உருண்டைகளை லேசரால் தள்ளிக் காட்டினார். தள்ளும்போது அவர் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கற்றையின் ஓரத்தில் இருந்த உருண்டைகள் நடுவுக்கு, வெளிச்சம் அதிகமான இடத்துக்கு இழுபட்டன. 1986-ல் ஒரே ஒரு கற்றையை இறுக்கிக் குவித்து அந்த இழுப்பாலேயே துகளைப் பிடித்து நிறுத்தினார். 2018-ல் 96 வயதில் நோபல் பரிசு வந்தது. ஆங்கிலத்தில் இந்தக் கருவிக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ஒளி இடுக்கி என்கிறார்கள். எனக்கு இடுக்கி என்றால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவது. நான் ஒளிச்சாவணம் என்றுதான் சொல்வேன், யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஒளிச்சாவணத்திலும் அப்புச்சி சொன்ன சங்கடம் அப்படியே இருக்கிறது. பிடித்துவிடலாம். 1994-லேயே அகச்சிவப்பு லேசரில் 36 நானோமீட்டர் தங்கத் துகளைப் பிடித்துக் காட்டிவிட்டார்கள். லேசரை அணைத்தால்? துகள் தண்ணீர் மூலக்கூறுகளின் ஓயாத துடிப்பில் அலைந்து கண்முன்னே காணாமல் போகும். பிடித்ததை ஓரிடத்தில் வைத்து, அது அங்கேயே நிற்கும்படி விடவேண்டும்.

2010-ல் ஜெர்மனியின் மியூனிக்கிலும் அமெரிக்காவின் சிகாகோவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைச் செய்து வெளியிட்டன. அந்தக் கட்டுரைகளை முதல் தடவை படித்தபோது நான் எதிர்பார்த்தது ஏதாவது பசை. துகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒட்டும் வேதிப்பொருள் ஏதோ பூசியிருப்பார்கள் என்று நினைத்தேன். நேர்மாறாக இருந்தது. துகளைக் கண்ணாடிக்கு ஆகாதபடி வைத்திருந்தார்கள்.

ஃபாரடேயின் குப்பிக்கு இப்போது வரலாம். தங்கத் துகள்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிவதில்லை? ஒவ்வொரு துகளும் எதிர்மின்னூட்டம் சுமந்திருக்கிறது. எங்கள் துகளில் அதைத் தருவது சிட்ரேட். ஒன்று மற்றொன்றை அண்டவிடாது. தண்ணீரில் நனைந்த கண்ணாடியின் பரப்பும் எதிர்மின்னூட்டம்தான், அதனால் கண்ணாடியும் துகளை அண்டவிடாது. ஆனால் இந்த வெறுப்பு கொஞ்ச தூரத்துக்குத்தான். அதைத் தாண்டி மிக நெருங்கிவிட்டால் வான்டர்வால்ஸ் ஈர்ப்பு வந்து பிடித்துக்கொள்ளும், அப்புறம் எளிதில் விடாது. வாசல்வரை முறைத்துக்கொண்டு, உள்ளே வந்துவிட்டால் சாப்பிடாமல் அனுப்பாத சில வீடுகள் உண்டு இல்லையா, அந்த மாதிரி. லேசரின் வேலை பிடிப்பது இல்லை. ஒத்த தாளத்தில் வரும் பச்சை ஒளி துகளைக் கற்றையின் போக்கில் பலமாகத் தள்ளி, அந்த வாசலைத் தாண்ட வைக்கிறது. தாண்டிய இடத்தில் துகள் நின்றுவிடும். லேசரை அணைத்தாலும், தண்ணீரை வடித்துவிட்டாலும் அங்கேயே இருக்கும்.

பரப்பு துகளை வேண்டாம் என்பதால்தான் வைத்த இடத்துக்கு அர்த்தம் வருகிறது. பரப்பு எல்லாவற்றையும் வா வா என்று கூப்பிட்டால் துகள்கள் கண்ட இடத்திலும் போய் உட்காரும், லேசர் வைத்தது எது, தானாக வந்தது எது என்று சொல்ல முடியாது. இதைப் படித்துப் புரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேன் தீர்ந்துபோயிருந்தது. கண்ணாடித் தகட்டைக் கடைசியாக ஒருமுறை அலசத்தானே என்று குழாய்த் தண்ணீரில் அலசினேன். அது போர்வெல் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். தகட்டில் தங்கிய ஈரத்தின் மேலேயே தங்கத் திரவத்தையும் விட்டேன். சிவப்பு என் கண்ணெதிரே நீலச் சாம்பலாக மாறியது. உப்பு இருந்தால் மின்னூட்டத்தின் வீச்சு சுருங்கிவிடும், வெறுப்பு எட்டாது. துகள்கள் தங்களுக்குள்ளும் ஒட்டிக்கொண்டு, தகடு முழுக்கவும் ஒட்டிக்கொண்டன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தீபாவளி மறுநாள் தெரு மாதிரி இருந்தது. எங்கள் பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "சிறுவாணித் தண்ணியா இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் அமைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதில் கொங்கு நாட்டுக் கைவண்ணம் இருக்கிறது. அதிர்வு தாங்கும் மேசை வாங்கக் காசில்லை. கிரைண்டர் கல் அடிக்கிற ஒருவரிடம் சொல்லி நாலு அங்குல கிரானைட் பலகை ஒன்று வாங்கி, ஸ்கூட்டர் டியூப்களில் பாதிக் காற்றடித்து அதன் மேல் மிதக்க விட்டோம். கல் ஊத்துக்குளிப் பக்கத்தது. ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கோவை வெட் கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்ததில்லை. லென்ஸ் தாங்கிகளைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். வெளியிலிருந்து வந்தவை லேசர், மைக்ரோஸ்கோப், தகட்டை நானோமீட்டர் கணக்கில் நகர்த்தும் பீசோ மேடை. அப்படியும் பொள்ளாச்சி பஸ் ஒவ்வொன்றும் திரையில் ஒரு நடுக்கமாகத் தெரிந்தது. அதனால் கடைசி பஸ் போனபிறகுதான் வேலை.

வேலை என்பது பெரும்பாலும் காத்திருப்பு. தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தங்கத் திரவம். அதில் மேலிருந்து முங்கி நிற்கும் லென்ஸ். திரையில் கறுப்புப் பின்னணி, அதில் அங்கங்கே பச்சை மின்மினிகள் துள்ளிக்கொண்டு திரியும். லேசரைக் குறித்த இடத்தில் குவித்துத் திறந்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மின்மினி ஒன்று தற்செயலாகக் கற்றைக்குள் நுழையும். நுழைந்ததும் அதன் துள்ளல் போய்விடும். நடுவுக்கு இழுபட்டு, கீழே போய், டக்கென்று நின்றுவிடும். லேசரை மூடு. மேடையை ஒரு மைக்ரோமீட்டர் நகர்த்து. மறுபடி திற. சில சமயம் மூன்று நொடியில் வந்துவிடும், சில சமயம் ஒரு நிமிடம் ஆகும். முதல் பத்துத் துகள் நேர்கோட்டில் நின்ற அன்று மணி ராத்திரி ஒன்றரை. குறித்த இடத்திலிருந்து ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது நானோமீட்டர் தள்ளித்தான் இருந்தது, தண்ணீரின் துடிப்பு அவ்வளவு. இருந்தாலும் கோடு கோடுதான். எழுப்பிச் சொல்ல வாட்ச்மேன் அண்ணனைத் தவிர யாரும் இல்லை. அவரைக் கூட்டிவந்து காட்டினேன். "லைட் வரிசையா எரியுதுங்க" என்றார். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லைதான்.

பிரச்சினை இரண்டு துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது தொடங்கியது.

இரண்டு தங்கத் துகள்களுக்கு நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான் எங்களுக்கு வேண்டியது. அந்தச் சந்துக்குள் ஒளி பல மடங்கு செறிவாகும். 1928-ல் சி. வி. ராமன் கண்டுபிடித்த ஒளிச்சிதறல் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கைரேகை மாதிரி. ஆனால் மிக மங்கலானது. மூலக்கூறு அந்தச் சந்தில் மாட்டினால் மங்கல் ரேகை பளிச்சென்று தெரியும். திருச்சிக்காரர் கண்டுபிடித்த சிதறலைச் செல்வபுரத்துப் பேரன் தங்கம் வைத்துப் பெரிதாக்குகிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் முதல் பத்தியில் நொய்யல் ஆற்றையும் சேர்த்துவிடுவோம். சாயக்கழிவைக் கண்டுபிடிக்கும் உணரி என்று. எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒரத்துப்பாளையம் அணைக்கட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்த்த விவசாயிக்குச் சாயம் இருக்கிறதா என்று சொல்ல நானோ துகள் தேவைப்படவில்லை. 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் லேசர் வைத்துப் பார்த்து இல்லை. தவிர, ஒவ்வொரு துகளாக வைக்கிற இந்த முறையில் ஒரு விரல் நக அளவுப் பரப்பை நிரப்பவே ஆயுள் போதாது. இது அளந்து புரிந்துகொள்வதற்கான முறை, சந்தைக்குச் சரக்கு அனுப்புவதற்கானது இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் துகள் உட்கார்ந்தாயிற்று. இரண்டாவதை அதன் பக்கத்தில் வைக்க லேசரைக் குவித்தால், கற்றையின் ஓரம் முதல் துகள் மேலும் விழும். அதற்கும் பச்சைதான் ஒத்த தாளம், விழுங்கிச் சூடாகும். சுற்றியுள்ள தண்ணீரும் சூடாகும். வந்துகொண்டிருக்கும் துகளை அந்தச் சூடு விலக்கித் தள்ளிவிடும். நாங்கள் எவ்வளவு முயன்றும் 300 நானோமீட்டருக்குள் இரண்டாவது துகள் நெருங்கவில்லை. எங்கள் கைக்குற்றம் என்று இரண்டு மாதம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் அர்ஜென்டினாவில் புவனோஸ் ஐரிஸ் குழு இதையே அலசி 2017-ல் எழுதியிருந்ததைப் படித்தோம். சூடுதான் காரணம், சூட்டைக் கடத்திவிடும் பரப்பைப் போட்டால் துகள்கள் நெருங்கும் என்று காட்டியிருந்தார்கள்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்புச்சியிடம் சொன்னேன். பட்டறை மூடி வெகுநாளாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"பக்கத்துப் பக்கத்துல பொடி வெச்சா மொதப் பொடி எளகத்தான கண்ணு செய்யும்?"

"நீங்க என்ன பண்ணுவீங்க அப்புச்சி?"

"மொத வெச்சதுக்கு மேல மண்ணுப் பூசிருவேன். சூடு அங்க ஏறாது. இல்லீன்னா ரெண்டாவதுக்குக் கொஞ்சம் எளசான பொடி போடோணும். ரெண்டுக்கும் ஒரே சூடு ஆகாது."

இரண்டும் எங்களுக்கும் உதவியது. மண்ணுக்குப் பதில் நீலமணிக்கல் தகடு, அதாவது செயற்கைச் சஃபையர். கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக் கடத்தும். துகளை மூடவில்லை, அடியிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இளசான பொடிக்குப் பதில் வேறு நிறம். ஆய்வகத்தில் சேலத்துப் பொண்ணு ஒருத்தி சேர்ந்திருந்தாள், வீட்டில் கொலுசுப் பட்டறை. அவள் வெள்ளித் துகளைக் கொண்டுவந்தாள். சிறிய வெள்ளி மணிக்கு ஒத்த தாளம் நீலம். வெள்ளியை நீல லேசரில் முதலில் வைத்துவிட்டுப் பச்சையில் தங்கத்தைக் கொண்டுவந்தால், வெள்ளி பச்சையைக் கண்டுகொள்ளாது, அவ்வளவாகச் சூடேறாது. "வெள்ளி ரெண்டு நாள்ல கறுத்துரும்ணா, எங்க வீட்ல தெனமும் பாக்கறோம்" என்று அவள் முதலிலேயே எச்சரித்தாள். கறுத்தது. அதற்குள் அளந்துவிட வேண்டியிருந்தது.

சஃபையரில் இரண்டு தங்கப் புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நீளப் புள்ளியாக, நிறம் சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரிந்த அன்று அப்புச்சியை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதுல சேதாரம் எவ்வளவு?" என்றார்.

நான் யோசித்ததே இல்லை. எங்கள் திரவத்தில் ஒரு மில்லியில் ஏறத்தாழ ஆயிரம் கோடி துகள்கள் இருக்கும். ஒரு இரவில் நாங்கள் உட்கார வைப்பது நாற்பதோ ஐம்பதோ. மிச்சமெல்லாம் கழிவுப் பாட்டிலுக்கு. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பாட்டலு எங்க?"

ஜன்னலோரம் இருந்த இரண்டு லிட்டர்ப் பாட்டிலைக் காட்டினேன். கழிவில் உப்பைப் போட்டு வைத்திருந்தோம். துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் கறுப்பாகப் படிந்திருந்தது, மேலே வெறும் தண்ணீர். அப்புச்சி பாட்டிலைத் தூக்காமல், லேசாகச் சாய்த்து, அடியில் இருந்த கறுப்பை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார்.

"ஒரு குன்றிமணி தேறும்" என்றார்.

அப்புறம் கணக்குப் போட்டேன். பாட்டில் நிறையத் திரவத்துக்கு 0.11 கிராம் வந்தது. குன்றிமணி ஒன்று சுமார் 0.12.

"கொட்டீராதீங்க" என்று சேலத்துப் பொண்ணிடமும் ஒருமுறை சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.